கம்பு வீசுகிறவளும் தராசு பழுதுபார்க்கிறவனும்: இவ்வகைக் காதல் கதையை முதன்முதலாக எழுத வருவோருக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதிவந்த கதைகளை உரக்கப் படிப்பது வழக்கம். சில ஆண்டுகளாக அங்கு வரும் இளைஞர்களின் கைப்பிரதிகளில் ஒரே வகைக் கதை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. நாயகி சிலம்பம் சுற்றுவாள், அல்லது குத்துச்சண்டை மேடையேறுவாள், அல்லது பதினெட்டாம் நூற்றாண்டில் வாளோடு குதிரையில் வருவாள். நாயகனோ தெருவில் கைகலப்பு என்றால் அடுத்த சந்தில் திரும்பிவிடும் சாதாரண ஆள். இருவருக்கும் காதல் வரவேண்டும். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் காதல் தொடங்கிய பக்கத்திலிருந்தே அவளுடைய பலம் தேயத் தொடங்குகிறது, அல்லது அவன் திடீரென்று வீரனாகிவிடுகிறான். அவளை ஒரு மாற்றுக்கூடக் குறைக்காமலும், அவனை ஒரு மாற்றுக்கூட ஏற்றாமலும் அவர்கள் இருவரையும் சேர்த்துவைப்பதுதான் இந்தக் கதையில் எழுதுகிறவருக்குள்ள வேலை. அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதை, நான் செய்த பிழைகளையும் சேர்த்து, கீழே எழுதியிருக்கிறேன்.

அவனிடமிருந்து தொடங்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அவளைப் பற்றி நான்கு பக்கம் குறிப்பெடுத்துவிட்டு, அவனுக்குத் ‘தனியார் நிறுவனத்தில் வேலை’ என்று ஒரே ஒரு வரியை ஒதுக்குகிறார்கள். இதைத் தலைகீழாக மாற்றுவதே முதற்படி. சாதாரண ஆள் என்றால் சண்டை தெரியாதவன் என்று பொருளே தவிர, ஒன்றும் தெரியாதவன் என்று பொருளல்ல. அவனுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கவேண்டும். அந்தத் தொழிலின் அழுக்கும் வாசனையும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். பண்ருட்டியில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பட்டறையில் கணக்கெழுதுபவன், புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்பவன், நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளி, முதலியார்பேட்டையில் தையற்காரன் என்று நம் ஊரைச் சுற்றியே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

நான் எழுதிய கதையில் அவன் கடலூர் துறைமுகத்தில் மீன் நிறுக்கும் தராசுகளைப் பழுதுபார்ப்பவன். உப்புக்காற்றும் மீன் தண்ணீரும் பட்டுப்பட்டு மின்னணுத் தராசின் உள்ளிணைப்புகள் பச்சை பூத்துப்போகும். ஏலம் நடந்துகொண்டிருக்கும் விடியற்காலையில் எண் தாறுமாறாக ஓடத் தொடங்கினால், மீன்காரம்மாக்களின் வசவு முழுவதும் அவன் தலையில்தான் விழும். முத்திரை வைக்க நாள் நெருங்கும்போது எடைக்கற்களைத் தூக்கிவைத்து, தட்டின் நான்கு மூலையிலும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்பான். எதையும் கையில் எடுத்தவுடன் அதன் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அவன் விரல்கள் தேடும். இந்த ஒரு பழக்கம் கிடைத்தபிறகு எனக்குக் கதை தானாக நகர்ந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அவனுக்குள் ஒரு வீரனை ஒளித்துவைக்காதீர்கள். பத்தாம் பக்கத்தில் அவனுடைய தாத்தா வர்ம ஆசான் என்று தெரியவந்தால், அதுவரை ஒரு சாதாரண ஆளோடு நடந்துவந்த வாசகர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். அவன் கடைசி வரியிலும் சண்டை தெரியாதவனாகவே இருக்கட்டும்.

அவளுக்கு ஒரே ஒரு கலை

கம்பு, வாள், கராத்தே, துப்பாக்கி என்று எல்லாவற்றையும் ஒருத்தி மேல் ஏற்றினால் அவள் கடையில் தொங்கும் பொம்மையாகிவிடுகிறாள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது உடம்பை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது இரண்டாம் படி. எனக்குச் சிலம்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் மாலையில் நடந்துபோனால் எப்போதாவது பிள்ளைகள் கம்பு சுற்றுவதைப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது போதாது, கேட்கவேண்டும். கம்பின் நீளம் சுற்றுகிறவரின் உயரத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் நெற்றியளவு இருக்கும் என்பதும், ஆட்டத்தைச் சலாம் வரிசையோடு தொடங்குவார்கள் என்பதும், போட்டியில் எதிராளியின் உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி என்பதும் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துகொள்ளக்கூடியவை. கம்புக்கு முன்னால் கால்தான் என்று எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார். காலடி சரியாக விழாதவர் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அடி வாங்குவார். விரல் கணுக்களும் மணிக்கட்டும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பும்தான் முதலில் வீங்கும். அப்படியானால் உங்கள் நாயகி போட்டிக்கு மறுநாள் இட்லிக்கு மாவை எந்தக் கையால் கரைப்பாள், பேருந்தில் கம்பியை எந்தக் கையால் பிடிப்பாள் என்று யோசியுங்கள். அடி விழும் காட்சியைவிட இப்படிப்பட்ட இடங்களில்தான் அவள் உண்மையாகிறாள்.

குத்துச்சண்டையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஆண்டைக் கவனிக்கவேண்டும். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012 லண்டன் போட்டியில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அப்போது பெண்களுக்கு இரண்டு நிமிடச் சுற்றுகள் நான்கு, பின்னாளில்தான் மூன்று நிமிடச் சுற்றுகள் மூன்று என்று மாறியது. எடைப்பிரிவு உள்ள எந்த விளையாட்டிலும் போட்டிக்கு முந்தைய நாள்களில் வீராங்கனை சோற்றையும் தண்ணீரையும் எண்ணி எண்ணி எடுத்துக்கொள்வாள் என்பதால், அந்த வாரத்தில் அவன் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து நிற்பது காதலாகாது, அறியாமையாகும். கதைக்கு நல்ல காட்சியும் ஆகும். நாயகி புதுச்சேரிக் காவலர் என்றால் அவள் ஊரில் காவலர்களின் சிவப்புத் தொப்பியை மறந்துவிடாதீர்கள். கன்னியக்கோயில் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்தால் சீருடையும் மாறும், அதிகாரமும் மாறும்.

பழங்கால வீராங்கனையை எழுத விரும்புகிறவர்களுக்கு நம் கடற்கரையே பெரிய களம்தான். ஆனால் வாளை உருவுவதற்கு முன் கோட்டை யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொள்ளவேண்டும். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் 1690 இல் மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். 1746 இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது இதுவே ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாயிற்று. 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. 1761 இல் ஆங்கிலேயர் கையால் புதுச்சேரிக் கோட்டைக்கும் அதே கதி நேர்ந்தது. இத்தனை முறை கைமாறிய ஊரில், எந்தப் படைக்கும் சொந்தமில்லாத ஒரு நெசவாளியோ துபாசியிடம், அதாவது வணிகக் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளரிடம், வேலைபார்க்கும் எழுத்தனோ எவ்வளவு நல்ல நாயகனாவான் என்று எண்ணிப்பாருங்கள். படைகள் வந்து போகும். அவன் தறிக்கும் கணக்குக்கும் விடுமுறை கிடையாது.

முதல் சந்திப்பும் நழுவும் கம்பும்

‘அவனைக் கண்டதும் அவள் கையிலிருந்த கம்பு நழுவியது’ என்ற வாக்கியத்தை எத்தனை கைப்பிரதிகளில் அடித்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதியவர்களைக் குறைசொல்லவும் முடியாது; இது நமக்கு மிகப் பழைய சொத்து. எண்திசையும் வென்று கயிலைவரை படையெடுத்துப் போன தடாதகைப் பிராட்டிக்கு (மீனாட்சிக்கு), சிவபெருமானைக் கண்டவுடன் மூன்றாவது தனம் மறைந்து போர்க்குணம் நாணமாயிற்று என்பது மதுரைத் தலபுராணம். அங்கே எதிரே நின்றவர் இறைவன் என்பதால் அந்தக் கதைக்கு வேறு பொருள் உண்டு. உங்கள் கதையில் எதிரே நிற்பவன் தராசு பழுதுபார்ப்பவன். அவனைக் கண்டு எதற்குக் கம்பு நழுவவேண்டும்?

அல்லியின் கதை இன்னும் சிக்கலானது. ஆண்வாடையே ஆகாது என்று தனியரசு நடத்திய அல்லியை, அருச்சுனன் பாம்பு வடிவில் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டி மனைவியாக்கிக்கொண்டான் என்று கதைப்பாடலிலும் கூத்திலும் கேட்டிருக்கிறோம். சிறுவயதில் திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் விடியவிடிய உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். இன்று யோசித்தால், தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டியவனை நாயகன் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ‘திமிர் பிடித்தவளை அடக்கிக் காட்டும்’ கதைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. அந்த மரபை அறிந்திருங்கள், கூத்தையும் போய்ப் பாருங்கள். ஆனால் அந்தச் சட்டகத்தை உங்கள் கதைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பாரதியின் புதுமைப்பெண் வரிகளை அப்படியே பெயர்த்துவந்து நாயகிக்கு ஒட்டிவைப்பதும் வேண்டாம். பாரதி புதுச்சேரியில் பத்தாண்டுகள் வாழ்ந்தார் என்பதற்காக இங்குள்ள ஒவ்வொரு நாயகியும் அவர் சொன்னபடியே நடந்து வரவேண்டும் என்பதில்லை.

பின் எப்படிச் சந்திக்க வைப்பது? அவனுடைய தொழில் அவளுடைய கலையை எங்கே தொடும் என்று தேடுங்கள். என் கதையில், அவள் நடத்தும் சிலம்ப வகுப்புக்கு அக்காள் மகனை அழைத்துவரும் அவன், மணலில் கிடந்த கம்பை எடுத்து, பழக்கத்தில் ஒற்றை விரல்மேல் வைத்துப்பார்க்கிறான்.

“மாஸ்டர், இந்தக் கம்பு ஒரு பக்கம் இழுக்குதே.”

“அது அடிப்பக்கம். மூங்கில்னா அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப நடுவுன்னு நீங்க எதை வச்சுப் பிடிக்கிறீங்க? அளவுல நடுவா, எடையில நடுவா?”

அவள் பதில் சொல்லாமல் கம்பை வாங்கி, தான் எப்போதும் பிடிக்கும் இடத்தைத் திரும்பிப் பார்க்கிறாள். முதலில் எழுதிய கைப்பிரதியில் அவனே அவளுக்குக் கம்பின் சமநிலையைப் பற்றி ஒரு பக்கம் விளக்கம் சொன்னான். மொட்டைமாடியில் அதைப் படித்தபோது எங்கள் கூட்டத்தில் இருந்த ஓர் ஆசிரியை, “பன்னிரண்டு வருஷமாக் கம்பு பிடிக்கிறவளுக்கு இவன் வகுப்பெடுக்கிறானா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சொல்லிக்கொடுப்பதை அழித்து, கேட்பதாக மாற்றினேன். அவளிடம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கத் தெரிந்தவன் என்பதே அவனிடம் அவளை ஈர்ப்பதாக அமைந்தது.

சண்டையை அவன் கண்ணால் எழுதுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் உழைக்கவேண்டியிருக்கும். சண்டை தெரியாதவன் பார்க்கும்போது சண்டை எப்படித் தெரியுமோ அப்படி எழுதவேண்டும். பாய்ச்சல், வீச்சு, பூட்டு என்று கலைச்சொற்களை அடுக்கினால், அவற்றை அவன் எப்போது கற்றான் என்ற கேள்வி வரும். வாசகருக்கும் ஒன்றும் கண்ணில் தெரியாது. அவனுக்குச் சத்தம் கேட்கும், மணல் தெறிப்பது தெரியும், அவள் முகம் தான் அறிந்த முகமாக இல்லை என்பது தெரியும். யார் ஜெயித்தது என்பதுகூட உடனே தெரியாது. என் கைப்பிரதியிலிருந்து ஒரு பத்தியைத் தருகிறேன்:

கம்பு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியவில்லை. அது காற்றைக் கிழிக்கும் ஓசை மட்டும் இடமும் வலமும் மாறி மாறி வந்தது. எதிரே நின்ற பெண்ணின் வலது கால் மணலில் அரையடி பின்னுக்கு இழுபட்டது. ‘டக்’கென்று ஒரு சத்தம். நடுவர் கையைத் தூக்கினார். யாருக்குப் புள்ளி என்று பக்கத்தில் நின்ற சிறுவனைக் கேட்டான். “அக்காவுக்குத்தான். நீங்க பாக்கலியா?” என்றான் சிறுவன். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இப்படி எழுதுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. அவள் எவ்வளவு வல்லவள் என்று நீங்கள் பெயரடை சேர்த்துச் சொல்லவேண்டியதில்லை. அவனுடைய கண்ணுக்கு எட்டாத வேகமே அதைச் சொல்லிவிடும். நாள் செல்லச் செல்ல அவனுடைய கண் பழகுவதைக் காட்டுங்கள். மூன்றாவது போட்டியில் அவன் அவளுடைய இடது தோள் சற்றுத் தாழ்ந்திருப்பதைக் கவனிக்கிறான் என்றால், அவன் அவளை எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறான் என்பது வாசகருக்குப் புரிந்துவிடும். காதல் வசனம் எழுதும் வேலை பாதி மிச்சம்.

விளிச்சொல்லைக் கவனியுங்கள்

காதல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை நம் ஊரில் விளிச்சொல்தான் சொல்லும். பிள்ளைகளைப்போல அவனும் அவளை முதலில் ‘மாஸ்டர்’ என்றே அழைக்கிறான். அவள் அவனைத் ‘தராசுக்காரரே’ என்கிறாள். எப்போது அவள் ‘நீங்க’வை விட்டு ‘நீ’க்கு வருகிறாள், அவன் அப்போதும் ‘நீங்க’ என்றே சொல்கிறானா, அவனுடைய அம்மா முன்னால் இருவரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுங்கள். புதுச்சேரியில் சொல்தா குடும்பத்துப் பெண், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர் வீட்டுப் பெண் என்றால் வீட்டுப் பேச்சில் பிரெஞ்சுச் சொற்கள் கொஞ்சம் கலந்திருக்கலாம். தெரியாவிட்டால் கலக்காமல் விட்டுவிடுவதே மேல்.

அவள் அவனை அடிக்கும் வேடிக்கை

நாயகி நாயகனை அறைவதும் உதைப்பதும் நகைச்சுவை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. கையால் என்ன செய்யமுடியும் என்று நன்றாகத் தெரிந்தவள், திருப்பி அடிக்கத் தெரியாத ஒருவனைச் சின்னக் கோபத்துக்காக அடித்தால், அவள் பயின்ற கலைக்கு என்ன மரியாதை? பாத்திரத்தை ஆணும் பெண்ணுமாக மாற்றிப்போட்டு ஒருமுறை படித்துப்பாருங்கள், சிரிப்பு வராது. அவள் கோபத்தில் கம்பைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுப் பேசுகிறாள் என்று ஒரு வரி எழுதினாலே அவளுடைய அடக்கமும் ஆற்றலும் சேர்ந்து தெரியும்.

நெருக்கடி

ரவுடிகளைக் கொண்டுவரவேண்டாம். ரவுடிகள் வந்தால் அவள் அடிப்பாள், அவன் பார்ப்பான், அல்லது அவளைக் கட்டிப்போட்டு அவனை மீட்பவனாக்குவீர்கள். இரண்டும் பார்த்துப் பழகியவை. கம்பும் தராசும் ஒன்றுபோலப் பயனற்றுப்போகும் நெருக்கடியைத் தேடுங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து, மின்சாரமில்லாமல் ஊர்கள் நாள்கணக்கில் கிடந்ததை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூரை போன வீட்டில் அடுத்த வேளைச் சோற்றுக்கு இருவரும் என்ன செய்கிறார்கள் என்பது ஒரு தரமான அத்தியாயம்.

கல்யாணத்துக்குப் பிறகு கம்பு பரணுக்குப் போகிறதா?

போனால் கதை தோற்றது என்பது என் எண்ணம். ‘அவளுக்கு இனி கம்பு தேவைப்படவில்லை’ என்று முடிப்பவர்கள், காதலை அவளுடைய நோய்க்கு மருந்தாக நினைத்துவிட்டார்கள். அவள் மாலை வகுப்புக்குப் போகும்போது அடுப்பை யார் பார்ப்பது, வெளியூர்ப் போட்டிக்குப் பயணச்செலவு எங்கிருந்து வரும், மாமியார் என்ன சொல்கிறார் என்று எழுதத் துணியுங்கள். நம்பமாட்டார்கள் என்று அஞ்சவேண்டாம். இதே கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள் 1927 இல் சென்னையில் நடந்த நீல் சிலை (1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரியின் சிலை) எதிர்ப்புப் போராட்டத்துக்குக் கணவர் முருகப்பாவோடும் சிறுமியாக இருந்த மகளோடும் போய்ச் சிறைபுகுந்தார், அதன் பிறகும் பலமுறை சிறைக்குப் போனார், சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் கையில் வாள் இல்லை, கம்பும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யார் முன்னால் நடந்தார், யார் கூட நடந்தார் என்று யோசித்துப்பார்த்தால், நீங்கள் எழுத நினைக்கும் கணவன் இந்த ஊருக்குப் புதியவனல்ல என்பது தெரியும்.

படித்துக் காட்டுவதற்கு முன்

முதல் கைப்பிரதியை முடித்ததும் ஒரு வாரம் மூடிவையுங்கள். பிறகு சிவப்பு மையால் இரண்டு வேலைகள் செய்யவேண்டும். அவன் வரும் காட்சிகளில் அவனுடைய தொழில் ஒருமுறையாவது கையால் செய்யப்படுகிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் சேர்க்கவேண்டும். காதல் தொடங்கிய பிறகு அவள் எங்காவது காரணமில்லாமல் தோற்கிறாளா, தடுமாறி அவன் மேல் விழுகிறாளா, பயந்து ஒதுங்குகிறாளா என்று பார்த்து, இருந்தால் அடிக்கவேண்டும். அவள் தோற்கலாம்; தன்னைவிட நன்றாக ஆடியவளிடம் தோற்கவேண்டும்.

அதன் பிறகு உண்மையில் அந்தக் கலையைப் பயின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் என் கதையைச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, சண்டைக் காட்சிகளில் எத்தனை பிழை சொல்வாரோ என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பைப் பிடிக்கும் முறையில் ஓர் இடத்தைத் திருத்தினார். அப்படிப் பிடித்தால் முதல் அடியிலேயே சுண்டுவிரல் போய்விடும் என்றார். பிறகு பின்னோக்கிப் புரட்டி, துறைமுகக் காட்சியில் விரலை வைத்துக்கொண்டு, “இந்த ஆள் தினமும் தூக்குற எடைக்கல் ஒண்ணு எத்தனை கிலோ? எழுதவே இல்லியே” என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய்க் கேட்டேன். இருபது கிலோ என்று சொல்லி, என்னையே தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள்.